நோகாத நெஞ்சு

“நெஞ்சு நோகவில்லையே, பிறகென்ன பயம்?” என்பது சலரோகமுள்ள முதியோர் பலர் தம்மைத் தாமே தேற்றிக்கொள்ளும் வார்த்தை. எமது அயலிலே வாழ்ந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரும் அவ்வாறே கூறினார். இருபது ஆண்டுகளாக அவருக்கு நீரிழிவு. ஒருநாட் காலை உடம்பெல்லாம் வியர்த்தது, மூச்சு வாங்கியது. வாயுக் குணமென்று எண்ணி வீட்டார் வேர்க்கொம்பு அவித்துக் கொடுத்தனர். மாலையில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசென்ற பின்னரே அது மாரடைப்பென்று தெரிந்தது. அவர் உயிர் தப்பினார். ஆயினும் பழுதுபட்ட இருதயத் தசை மீளவில்லை. “காலையிலே நொந்திருந்தால் அப்போதே போயிருப்பேனே” என்று அவர் எம்மிடங் கூறியதை நாம் மறக்கவில்லை.

நோவு ஏன் தோன்றவில்லை?

இருதயம் தானாகவே துடிக்கும் இயல்புடையது. எனினும் அதன் வேகத்தை ஆள்வன இருவகை நரம்புகள். பரிவு நரம்பு குதிரையை விரட்டுஞ் சவுக்கை ஒத்தது. வேகசு நரம்பு அதனை இழுத்துப் பிடிக்குங் கடிவாளத்தை ஒத்தது. 1921இல் ஒட்டோ லோவி என்னும் அறிஞர் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டார். ஒரு தவளையின் இருதயத்தில் வேகசு நரம்பைத் தூண்டி, அவ்விருதயத்திலிருந்த திரவத்தை எடுத்து மற்றொரு தவளையின் இருதயத்தில் விட்டார். அதுவும் மெதுவாயிற்று! நரம்பு ஓர் இரசாயனப் பொருளைச் சுரந்தே இருதயத்தை அடக்குகின்றது என்பது இதனால் விளங்கிற்று. அதே ஆண்டிலேதான் ரொறன்ரோ நகரில் பான்டிங், பெஸ்ட் என்போர் இன்சுலினைப் பிரித்தெடுத்தனர். இன்சுலின் நீரிழிவாளரின் ஆயுளை நீட்டிற்று. நாட்பட்ட நோய் நரம்புகளுக்கு விளைக்குங் கேட்டையும் அந்நீண்ட ஆயுளே வெளிப்படுத்திற்று.

இரத்தத்தில் மிகுந்த சீனி, நரம்புகளையும் அவற்றுக்கு ஊட்டமளிக்கும் நுண்ணிய குழாய்களையும் கெடுக்கின்றது. நீண்ட நரம்புகளே முதலிற் பாதிக்கப்படும். பாதம் முதலில் விறைப்பதும், மூளையடியிலிருந்து வயிறு வரை ஓடும் வேகசு நரம்பு முந்திக் கெடுவதும் இதனாலேயாம். கடிவாளம் தளர்ந்தால், ஓய்ந்திருக்கும்போதும் நாடி விரைந்து ஓடும். பரிவு நரம்புங் கெட்டால், எழுந்து நிற்கையில் இரத்த அமுக்கம் வீழ்ந்து தலை சுற்றும். இருதயத்தின் நோவை மூளைக்கு அறிவிக்கும் நரம்புகளும் பழுதானால், மாரடைப்புக்கூட ஓசையின்றி வந்துவிடும்.

இதனை அறியும் வழிகள் எளியன. நல்ல நிலையிலுள்ள இருதயம் மணிக்கூடுபோல ஒரே சீராகத் துடிப்பதன்று. மூச்சை உள்ளிழுக்கையில் விரைந்தும், வெளிவிடுகையில் தளர்ந்தும் துடிக்கும். வைத்தியர் நிமிடத்துக்கு 6 தடவை ஆழ்ந்து சுவாசிக்கச்செய்து இவ்வேறுபாட்டை அளப்பர். முதுமையில் இது இயல்பாகவே குறையும்; நீரிழிவில் மேலுங் குறையும். படுத்திருக்கையிலும், எழுந்து நின்று 3 நிமிடத்துக்குள்ளும் இரத்த அமுக்கத்தை அளத்தல் வேண்டும். மேலெண் 20 அல்லது அதற்கு மேல் வீழ்ந்தால் அதனை வைத்தியர் கவனிப்பர்.

சீனியை அடக்கினால் நரம்பு காக்கப்படுமா? இன்சுலினை நம்பி வாழும் இளையோரிடம் நடந்து 1993இல் வெளிவந்த அமெரிக்க ஆராய்ச்சி ஒன்று, கண்டிப்பான கட்டுப்பாடு நரம்புக்கேட்டை ஏறத்தாழ 60 வீதம் குறைத்ததெனக் காட்டிற்று. ஆனால் இருதய ஆபத்து மிகுந்த நடுவயதினரிடமும் முதியோரிடமும் நடந்த மற்றோர் ஆராய்ச்சியில், மிகக் கடுமையாகச் சீனியைக் குறைத்தோரிடையே இறப்பு அதிகரித்தமையால் 2008இல் அப்பகுதி நிறுத்தப்பட்டது. ஆதலின், இளையவருக்கு ஏற்ற அளவே முதியவருக்கும் ஏற்றதெனக் கொள்ளலாகாது. மருந்தைத் தாமாகக் கூட்டுவதும் பட்டினி கிடப்பதும் தீது.

மாணவர்களே, உங்கள் வீட்டு அப்புவும் ஆச்சியும் படுக்கையை விட்டுச் சடுதியாக எழாமல், சற்றே உட்கார்ந்திருந்து எழும்படி பார்த்துக்கொள்ளுங்கள். காரணமின்றி வியர்வை, மூச்சுத்திணறல், பெருங்களைப்பு, குமட்டல் தோன்றினால், “நெஞ்சு நோகிறதா?” என்று கேட்டுக் காலங் கடத்தாதீர்கள். 1990 என்னும் இலக்கத்துக்கு அழைத்து அம்புலன்சைத் தருவியுங்கள்.

நோவு உடம்பின் காவலாள். அக்காவலாள் உறங்கிப்போன வீட்டிலே வீட்டார் விழித்திருத்தல் வேண்டும்.