காவி பூசிய அம்பேத்கர்: ஒட்டுப்படமும் வன்கொடுமைச் சட்டமும்

2022 டிசம்பர் 6, அண்ணல் அம்பேத்கரின் நினைவு நாள். அன்று கும்பகோணத்தில் இந்து மக்கள் கட்சியின் சுவரொட்டிகளில் அவர் காவிச் சட்டையுடன், நெற்றியில் திருநீறும் குங்குமமும் தரித்துக் காட்சியளித்தார். எதிர்ப்பு எழுந்தது, அக்கட்சியின் நிர்வாகி ஒருவர் கைதானார். 1956 அக்டோபர் 14 அன்று நாக்பூரில் இலட்சக்கணக்கானோருடன் இந்து மதத்தைத் துறந்து பௌத்தம் ஏற்றவரின் நெற்றி அது.

இத்தகைய படத்தை உருவாக்கத் திருவேங்கடம் போன்ற சிற்றூரின் பிளக்ஸ் கடையே போதும். போட்டோஷாப்பில் உருவத்தின் விளிம்பைக் கோடிட்டுப் பின்னணியிலிருந்து வெட்டியெடுப்பர். சட்டையை மட்டும் தேர்ந்து, அதன்மேல் தனி லேயரில் காவி நிறத்தை நிரப்பி, 'மல்டிப்ளை' முறையில் கலப்பர். அடியிலுள்ள மடிப்பும் நிழலும் நிறத்தினூடே தெரிவதால் துணியே காவியாக இருந்ததுபோல் தோன்றும். திருநீறு இன்னொரு லேயர். அதன் ஓரங்களை மங்கலாக்கினால் தோலோடு இணைந்துவிடும். முகத்தை எவரும் தொடுவதில்லை. பார்ப்பவர் நம்புவது அந்த முகத்தைத்தான்.

"படத்தைக் கிழிக்கவில்லையே, மரியாதைதானே செய்தோம்" என்பது வழக்கமான எதிர்வாதம். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2016 ஜனவரி 26 முதல் நடைமுறையிலுள்ள திருத்தம் இதற்கு விடை தருகிறது. பட்டியல் சாதியினர், பழங்குடியினர் உயர்வாக மதிக்கும் பொருளைச் சேதப்படுத்துவதும் களங்கப்படுத்துவதும் குற்றம். சிலையும் புகைப்படமும் அப்பொருளில் அடங்கும். ஆயினும் மூலப் புகைப்படம் பழுதின்றி இருக்கிறது என எதிர்த்தரப்பு வாதிட இடமுண்டு. அவர்கள் உயர்வாக மதிக்கும் மறைந்த ஒருவரை எழுத்தாலோ பேச்சாலோ வேறெந்த வழியிலோ அவமதிப்பதைத் தண்டிக்கும் உட்பிரிவே வலுவானது என்பது என் கருத்து. புகாரில் இரண்டையும் குறிப்பிடுங்கள்.

சான்றில்தான் நாம் தோற்கிறோம். என்னிடம் வரும் தோழர்கள் பெரும்பாலும் ஸ்கிரீன்ஷாட்டின் ஸ்கிரீன்ஷாட்டோடு வருகின்றனர். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் கோப்பு சுருங்கும். எடுத்த நேரம் முதலிய விவரங்களும் அழியும். 'டாக்குமெண்ட்' ஆக அனுப்புங்கள். எடுத்த கைப்பேசியில் மூலத்தை அழிக்காதீர்கள். பாரதிய சாக்ஷிய அதினியம் 63ஆம் பிரிவின் சான்றிதழில் கோப்பின் ஹாஷ் மதிப்பைக் குறிப்பிட வேண்டும்.

அச்சிட்ட சுவரொட்டியில் எல்லா லேயர்களும் ஒன்றாகியிருக்கும். கடைக் கணினியிலுள்ள பி.எஸ்.டி. கோப்பிலோ காவி தனியாக, திருநீறு தனியாக, அடியில் மூலப்படம் தனியாக இருக்கக்கூடும். அது அழிக்கப்படுமுன் கைப்பற்றுமாறு விசாரணை அதிகாரியான டி.எஸ்.பி.யிடம் முதல் நாளிலேயே எழுத்துமூலம் மனு கொடுத்து, ஒப்புகை பெறுங்கள்.