மரத்தரை போடப்போறீங்களா? முதல்ல மாப் வாளியைக் கவனிங்க!

மரத்தரை வாங்க ஷோரூமுக்குப் போகிறவர்கள் முதலில் கேட்பது, "வேற என்ன கலர் இருக்கு?" என்பதைத்தான். வால்நட், ஓக், தேக்கு எனப் பலகைகளை எடுத்துப் போட்டுக்கொண்டே இருப்பார் விற்பனையாளர். அரை மணி நேரம் கலரிலேயே போய்விடும். ஆனால், அந்தத் தரை வருடக்கணக்கில் உழைக்குமா, முதல் மழைக்காலத்திலேயே உப்பிக்கொள்ளுமா என்பதை முடிவு செய்வது கலர் அல்ல, தண்ணீர். வாளித் தண்ணீரில் தினமும் மாப் போட்டுப் பழகிய நம் வீடுகளில், எந்த அறையில் எவ்வளவு தண்ணீர் புழங்குகிறது என்று பார்த்த பிறகுதான் மரத்தைப் பற்றியே யோசிக்க வேண்டும்.

'வுட்டன் ஃப்ளோரிங்' என்று பொதுவாகச் சொன்னாலும், கடையில் அந்தப் பெயரில் கிடைப்பவை வேறு வேறு பொருள்கள். பெரும்பாலானவர்கள் வாங்குவது லேமினேட். இதில் தேக்கோ ஓக்கோ கிடையாது. மரத்தூளையும் நாரையும் அழுத்திச் செய்த பலகையின் மேல் மரத்தின் படத்தை அச்சிட்டு ஒட்டி, அதன்மேல் கண்ணாடி போன்ற ஒரு பூச்சைக் கொடுத்திருப்பார்கள். அந்தப் பூச்சு கீறலைத் தாங்கும். ஆனால், இணைப்புகள் வழியே தண்ணீர் இறங்கினால் உள்ளே இருக்கும் பலகை ஊறி, ஓரங்கள் தூக்கிக்கொள்ளும். ஊறிய பலகை காய்ந்தாலும் பழையபடி படியாது. இழைத்துச் சரிசெய்யவும் முடியாது, மாற்றத்தான் வேண்டும்.

இதைச் சோதிக்க எளிய வழி ஒன்று உண்டு. கடையில் ஒரு சாம்பிள் துண்டு கேட்டு வாங்கி வந்து, ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் போட்டு வையுங்கள். மறுநாள் அதன் ஓரம் எவ்வளவு தடித்திருக்கிறது என்று பார்த்தாலே போதும், விளம்பரம் எதையும் படிக்க வேண்டாம்.

லேமினேட் பெட்டியில் ஏ.சி.3, ஏ.சி.4 என்று போட்டிருக்கும். குளிர்சாதனத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. மேற்பரப்பு எவ்வளவு தேய்மானம் தாங்கும் என்பதற்கான அளவு அது. எண் கூடக்கூட உழைப்பு அதிகம். 8 மி.மீ-யைவிட 12 மி.மீ பலகை அதிக நாள் வரும் என்று பலர் நினைக்கிறார்கள். கனமான பலகையில் நடக்கும்போது சத்தம் குறையும், கால் பதிய நன்றாக இருக்கும். தேய்மானத்தைத் தாங்குவது என்னவோ மேல் பூச்சுதான்.

பெட்ரூமுக்கு ஏ.சி.3 லேமினேட்டே தாராளம். அங்கே செருப்பு வராது, தண்ணீர் புழக்கமும் குறைவு. அட்டாச்டு பாத்ரூம் இருந்தால் மட்டும் கவனம் தேவை. ஈரக்கால் படும் அந்த வாசலை ஒட்டி இரண்டடிக்கு டைலையே விட்டுவிடுவது நல்லது.

ஹாலில் மண்ணும் ஆள் நடமாட்டமும் அதிகம். பட்ஜெட் இடம் கொடுத்தால் இங்கே இன்ஜினீயர்டு வுட் போடலாம். ப்ளைவுட் அடுக்குகளின் மேல் நிஜமான மரத்தகடு ஒட்டியது இது. முழு மரப்பலகை ஈரப்பதத்துக்கு ஏற்ப விரிந்து சுருங்கும், கடலோர ஊர்களில் அது பெரிய தொல்லை. குறுக்கும் நெடுக்குமாக ஒட்டிய அடுக்குகள் இருப்பதால் இன்ஜினீயர்டு வுட்டில் அந்த ஆட்டம் குறைவு. வாங்கும்போது மேல் தகட்டின் கனத்தைக் கேளுங்கள். அது தடிமனாக இருந்தால்தான் பின்னாளில் இழைத்துப் புதுப்பிக்க முடியும்.

கிச்சனுக்கும் பூஜை அறைக்கும் மரம் வேண்டவே வேண்டாம். கிரைண்டர் கழுவும் தண்ணீர், தாளிக்கும் எண்ணெய், விளக்கு, கற்பூரம் என்று மரத்துக்கு ஆகாத எல்லாமே அங்கேதான். செட்டிநாட்டு வீடுகளில் பர்மா தேக்கைத் தூணாகவும் கதவாகவும் இழைத்தவர்கள்கூட, தரைக்கு ஆத்தங்குடி டைலைத்தான் பதித்தார்கள். மரத்தோற்றம் இருந்தே ஆக வேண்டும் என்றால் எஸ்.பி.சி பலகை போடலாம். சுண்ணாம்புக்கல் பொடியும் பி.வி.சி-யும் கலந்து செய்தது என்பதால் தண்ணீரில் ஊறாது, கரையானும் தொடாது. பாத்ரூமுக்கு டைல் மட்டும்தான்.

தரைத்தள வீடு என்றால் இன்னொரு சோதனையும் அவசியம். பாலித்தீன் ஷீட் ஒன்றைத் தரையில் விரித்து, நான்கு பக்கமும் டேப் ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். அடியில் நீர் முத்து கோத்திருந்தால், தரையிலிருந்து ஈரம் ஏறுகிறது என்று அர்த்தம். அதைச் சரிசெய்யாமல் மேலே எந்த மரமும் போடக் கூடாது. 2015 வெள்ளத்திலும் 2023 மிக்ஜாம் புயலிலும் தண்ணீர் புகுந்த சென்னை வீடுகளில், தரைத்தளத்தில் லேமினேட் போடுவது பணத்தைத் தண்ணீரில் போடுவதுதான்!

பழைய டைலின் மேலேயே போடுவதாக இருந்தால், பலகையும் அடியில் விரிக்கும் ஃபோமும் சேர்ந்து தரை ஒரு சென்டிமீட்டராவது உயரும். கதவின் அடியைச் சீவ வேண்டிவரும், அந்தக் கூலியையும் கணக்கில் சேருங்கள். சுவரோரம் சுமார் 10 மி.மீ இடைவெளி விட்டு, அதை ஸ்கர்ட்டிங்கால் மறைக்கச் சொல்லுங்கள். "கேப் தெரியாம ஒட்டிப் போட்டுத் தர்றேன்" என்று யாராவது சொன்னால் உஷார்! மழைக்காலத்தில் பலகை விரிய இடமில்லாமல் நடுஹாலில் புடைத்துக்கொள்ளும்.

போட்டு முடித்த பிறகு பிழிந்த மைக்ரோஃபைபர் துணியால் துடைத்தாலே போதும். இதை வீட்டு வேலைக்கு வருபவரிடமும் முதல் நாளே சொல்லிவிடுங்கள். வாங்கும்போதே ஒரு பெட்டி கூடுதலாக வாங்கிப் பரண்மேல் வைத்துவிடுவதும் நல்லது. இரண்டு பலகை கெட்டுப்போகும் நேரத்தில் அந்த டிசைன் கடையில் இல்லாமல் போக வாய்ப்பு அதிகம்.