குறட்டை நோய்: புழுவைத் தடுக்க வேண்டிய இடம்

மாடு மூச்சு விடும்போதே குறட்டைச் சத்தம் வந்தால், மூக்கிலிருந்து சளியும் சில நேரம் ரத்தமும் ஒழுகினால், உள்ளே சதை வளர்ந்து வழியை அடைத்திருக்கக்கூடும். மூக்கின் உட்சவ்வுச் சிரைகளில் வாழும் ஸிஸ்டோசோமா நசாலே என்ற தட்டைப்புழுவின் வேலை அது. 1933இல் சென்னை மாகாணத்தில் எம்.ஏ.என். ராவ் இதற்குப் பெயரிட்டார். சிகிச்சை இருக்கிறது, ஆனால் தேறிய மாடு அதே குளத்தில் இறங்கினால் நோய் திரும்பிவிடும். மருந்தோடு தண்ணீர்த்துறையையும் கவனித்தால்தான் இந்த நோய் கட்டுப்படும். அதற்கான காரணம் புழுவின் இனப்பெருக்கத்திலேயே இருக்கிறது.

தட்டைப்புழுக்களில் பெரும்பாலானவை இருபாலிகள். ஈரல் புழு ஒன்றின் உடலிலேயே கிளைகிளையாகப் பிரிந்த விந்தகங்களும் சூலகமும் உண்டு. ஆசியாவில் சில ஈரல் புழுக்களில் விந்தணுவே உருவாவதில்லை. அவை கருவுறாமலே பெருகுகின்றன. அங்கே ஒற்றைப் புழுவே போதும். குறட்டை நோய்ப் புழு அப்படியல்ல. அதில் ஆணும் பெண்ணும் தனித்தனி. ஆணின் உடல் மடிப்புக்குள் பெண் அடங்கி வாழ்கிறது. மனிதரைத் தாக்கும் அதன் உறவுப்புழுவான ஸிஸ்டோசோமா மான்சோனியில், ஆண் அணைக்காத பெண் முதிர்ச்சி அடைவதே இல்லை. அந்த முதிர்ச்சியைத் தூண்டுவது விந்தணு அல்ல, ஆண் புழு சுரக்கும் ஒரு சிறு வேதிப்பொருள் என்று 2022இல் வெளியான ஆய்வு காட்டியது. ஆகவே விந்தணு உற்பத்தியை மட்டும் முடக்கினால் பெண்ணின் முதிர்ச்சி நிற்காது. ஆணும் பெண்ணும் சந்திப்பதையே தடுக்க வேண்டும்.

மாடு தண்ணீர் குடிக்கும்போது மூக்குச்சளியோடு வளரிபோல் வளைந்த முட்டைகள் குளத்தில் விழுகின்றன. பொரிந்து வரும் குஞ்சு இன்டோபிளானார்பிஸ் என்ற தட்டைச்சுருள் நத்தைக்குள் புகுந்து, விந்தணுவின் துணையே இல்லாமல் எண்ணற்ற வால்புழுக்களாகப் பெருகுகிறது. ஒரு குஞ்சிலிருந்து வருபவை எல்லாம் ஒரே பால். இந்தப் புழுவின் பலவீனம் இங்கேதான். இரு பாலும் ஒரே மாட்டின் தோலைத் துளைத்து நுழைந்தாக வேண்டும். தொற்று குறைவாக உள்ள இடத்தில் வால்புழுக்களைப் பாதியாக்கினால், இணை சேரும் வாய்ப்பு ஏறக்குறைய கால்வாசியாகிவிடும். தொற்று மிகுந்த குளத்தில் இந்தக் கணக்கு தொடக்கத்தில் பலிக்காது. அங்கே சிகிச்சைதான் முந்த வேண்டும்.

வால்புழுக்களைத் தரும் இந்த நத்தை குற்றாலத்து அருவிப் பாறைகளில் நிலைக்காது. சாரலுக்குப் பின் சிற்றாறு நிரப்பும் தென்காசிக் குளங்கள், வயல் வாய்க்கால்கள் போன்ற தேங்கிய நீரே அதற்கு உகந்தது. நத்தையைக் கொன்றுவிட்டால் என்ன என்று கேட்கலாம். நத்தையைக் கொல்லும் மயில்துத்தம் மீனையும் கொல்லும். தப்பிய ஒரு நத்தை, தானும் இருபாலி என்பதால், தனியாகவே குளத்தை மறுபடி நிரப்பிவிடும். குளத்தில் விடாமல் மாட்டை வளர்க்க முடியுமா என்பது நியாயமான கேள்வி. எல்லா மாட்டையும் தடுக்க வேண்டியதில்லை. குறட்டை விடும் மாட்டுக்கு முதலில் சிகிச்சை கொடுத்து, குணமாகும் வரை தொழுவத்தில் தனித்தொட்டியில் தண்ணீர் காட்டினாலே குளத்தில் விழும் முட்டைகள் குறையும். மற்ற மாடுகளுக்கும் குளத்து நீரைத்தான் எடுத்து வைக்க வேண்டும் என்றால், நத்தை இல்லாத தொட்டியில் இரண்டு நாள் தேக்கிவைத்த பிறகு காட்டலாம். வால்புழுக்கள் பெரும்பாலும் அதற்குமேல் உயிரோடிருப்பதில்லை.