காப்பி: அளவும் வேளையும்

பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு

வீட்டுக்கு விருந்தினர் வந்தால், “காப்பி சாப்பிடுகிறீர்களா?” என்று கேட்பது நம் நாட்டு வழக்கம். காப்பி குடிக்கும் பொருள். ஆனால் நாம் அதைச் சாப்பிடும் பொருளாக்கிவிட்டோம். சொல்லில் நேர்ந்த இந்த மயக்கம் பல வீடுகளில் செயலிலும் நேர்ந்துவிட்டது. காலையில் ஒரு தம்ளர் காப்பியை மட்டும் குடித்துவிட்டுப் பள்ளிக்குப் புறப்படும் மாணவியர் எத்தனை பேர்! காப்பி எங்கிருந்து வந்தது, உலக மக்கள் அதை எவ்வாறு அருந்துகின்றனர், அது நம் உடலில் என்ன செய்கிறது என்பவற்றை அறிந்துகொள்வது நம் வயதினருக்கு மிகவும் பயன் தரும்.

பிறந்த நாடு

காப்பிச் செடியின் தாயகம் ஆப்பிரிக்காவிலுள்ள எத்தியோப்பியா. கால்டி என்ற இடையன் ஒருவன், தன் ஆடுகள் ஒரு செடியின் சிவந்த பழங்களைத் தின்று துள்ளிக் குதித்ததைக் கண்டு அதன் சிறப்பை உணர்ந்தான் என்று ஒரு கதை உண்டு. கதை எப்படியாயினும், பதினைந்தாம் நூற்றாண்டில் ஏமன் நாட்டு சூஃபி ஞானிகள் இரவு வழிபாட்டின்போது உறக்கம் வராமலிருக்கக் காப்பி அருந்தினர் என்பது வரலாறு. அந்நாட்டின் மோக்கா துறைமுகத்திலிருந்து காப்பிக் கொட்டை பல நாடுகளுக்கும் கப்பலேறியது.

காப்பி ஐரோப்பாவுக்குச் சென்றபோது, “இது சாத்தானின் பானம்” என்று சிலர் எதிர்த்தார்களாம். திருத்தந்தை எட்டாம் கிளமெண்ட் அதைச் சுவைத்துப் பார்த்து, இத்துணை இனிய பானத்தைத் தடை செய்ய மனமின்றி அனுமதி வழங்கினார் என்று ஒரு செவிவழிக் கதை வழங்குகிறது. பின்னர் இலண்டன் மாநகரில் காப்பிக் கடைகள் பெருகின. எட்வர்ட் லாயிட் என்பவர் அங்கு நடத்திய காப்பிக் கடையில் கப்பல் வணிகர்கள் கூடிப் பேசியதிலிருந்தே லாயிட்ஸ் என்னும் புகழ்பெற்ற காப்பீட்டு நிறுவனம் தோன்றியது.

நம் மலைகளில் காப்பி

பதினேழாம் நூற்றாண்டில் பாபா புதன் என்ற சூஃபி பெரியார், ஏமனிலிருந்து ஏழு காப்பி விதைகளைக் கொணர்ந்து, கர்நாடகத்தின் சிக்மகளூர் மலையில் பயிரிட்டார் என்பர். அம்மலை இன்றும் அவர் பெயரால் வழங்குகிறது. சேலம் கலெக்டராயிருந்த காக்பர்ன் துரை 1820களில் சேர்வராயன் மலையில் காப்பி பயிரிடச் செய்தார். அக்காலத்தில் தருமபுரியும் சேலம் மாவட்டத்தைச் சேர்ந்ததே. 1965-ஆம் ஆண்டில்தான் நம் மாவட்டம் தனியே பிரிந்தது. நம் தருமபுரிக்கு அருகிலுள்ள வத்தல்மலையிலும் மலைவாழ் மக்கள் காப்பியும் மிளகும் பயிரிடுகின்றனர்.

காப்பியின் மணத்துக்குப் பின்னால் கண்ணீரும் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் தமிழ்நாட்டின் ஏழை மக்கள் பலர் இலங்கையின் காப்பித் தோட்டங்களுக்குக் கூலி வேலை தேடிச் சென்றனர். கடல் கடந்த பின்னும் காட்டு வழியே நெடுந்தூரம் நடந்தவர்களில் பலர் நோயால் மடிந்தனர். 1869-இல் அங்கே பரவத் தொடங்கிய இலைத் துருநோய் காப்பிச் செடிகளை அழித்தது. அதன் பின்னரே இலங்கை தேயிலை நாடாயிற்று.

பல நாடு, பல வழக்கம்

எத்தியோப்பியாவில் விருந்தினர் முன்னிலையில் பச்சைக் கொட்டையை வறுத்து, இடித்து, காய்ச்சி, மூன்று சுற்றுகளாகப் பரிமாறுவார்கள். துருக்கியர் பொடியை வடிகட்டாமல் சிறு கிண்ணத்தில் ஊற்றித் தருவார்கள். அவர்களுடைய காப்பி மரபை யுனெஸ்கோ நிறுவனம் 2013-இல் பண்பாட்டுச் செல்வமாக ஏற்றுக்கொண்டது. இத்தாலியர் ஒரு வாய் அளவே கொண்ட கெட்டிக் காப்பியை நின்றபடியே குடித்துவிட்டுப் போவார்கள். வியட்நாம் மக்கள் இனிப்பூட்டிய கெட்டிப்பால் சேர்த்துக்கொள்வார்கள். உலகில் மிகுதியாகக் காப்பி விளைவிப்பது பிரேசில். ஆனால் தலைக்கு மிகுதியாகக் குடிப்பவர்களோ குளிர் நாடான பின்லாந்து மக்கள்.

நம் வழி தனி வழி. வறுத்து அரைத்த பொடியை ஃபில்டரில் இட்டு, வெந்நீர் ஊற்றி, சொட்டுச் சொட்டாக இறங்கும் டிகாஷனில் கொதிக்கும் பாலைக் கலந்து, தம்ளருக்கும் டவராவுக்குமாக ஆற்றுவோம். பொடியுடன் கலக்கும் சிக்கரி ஒரு செடியின் வேர். அதில் காஃபீன் கிடையாது. சுக்கு, மல்லி, பனைவெல்லம் சேர்த்த சுக்குக் காப்பியிலோ பெயரில் மட்டுமே காப்பி உண்டு.

முன்பு தமிழர்களின் காலை உணவு பழைய சோறும் கூழும்தான். காப்பி வந்து அவற்றின் இடத்தைப் பிடித்தபோது பெரியவர்கள் பலர் கண்டித்து எழுதினார்கள். ஆ. இரா. வேங்கடாசலபதி எழுதிய ‘அந்தக் காலத்தில் காப்பி இல்லை’ என்ற நூல் இதைச் சுவைபட விளக்குகிறது.

உடலில் நடப்பது என்ன?

ரூங்கே என்ற ஜெர்மானிய வேதியியலார் 1819-இல் காப்பியிலிருந்து காஃபீனைப் பிரித்தெடுத்தார். நாம் விழித்திருக்கும்போது மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்ந்துகொண்டே வந்து, “களைத்துவிட்டாய், உறங்கு” என்று அறிவிக்கிறது. காஃபீன் அது சென்று சேரவேண்டிய இடத்தில் தான் போய் அமர்ந்துகொள்கிறது. ஆகவே களைப்பு தீர்வதில்லை. களைப்பின் செய்தி மட்டும் தடைபடுகிறது.

காப்பியால் நன்மையே இல்லையா? உண்டு. அது சுறுசுறுப்பும் கவனமும் தருகிறது. அளவோடு காப்பி குடிக்கும் பெரியவர்களிடம் இரண்டாம் வகை நீரிழிவும் சில கல்லீரல் நோய்களும் குறைவாகக் காணப்படுவதாகப் பல ஆய்வுகள் கூறுகின்றன. புற்றுநோய் ஆய்வுக்கான பன்னாட்டு முகமை, காப்பி புற்றுநோய் உண்டாக்கும் என்று கூறப் போதிய சான்று இல்லை என்று 2016-இல் அறிவித்தது. ஆயினும் 65 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடான எந்தப் பானமும் உணவுக்குழாய்க்குத் தீங்காகலாம் என எச்சரித்தது. ஆற்றிக் குடிக்கும் நம் பாட்டிமார்களின் வழக்கம் நல்ல வழக்கமே.

எவ்வளவு குடிக்கலாம்? வளரும் பிள்ளைகளுக்கு ஒரு கிலோ எடைக்கு 3 மில்லிகிராம் காஃபீன் வரை ஒரு நாளைக்குத் தீங்கில்லை என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2015-இல் கூறியது. 45 கிலோ எடையுள்ள மாணவிக்கு அது 135 மில்லிகிராம். 150 மில்லி ஃபில்டர் காப்பியில் 80 முதல் 120 மில்லிகிராம் இருக்கும் என்பது நம் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் கணக்கு. அதாவது, ஒரு தம்ளரிலேயே நம் பங்கு ஏறக்குறைய முடிந்துவிடுகிறது!

குடித்த காஃபீனில் பாதி உடலை விட்டு நீங்கவே ஏறத்தாழ ஐந்து மணி நேரமாகும். தேர்வுக்குப் படிப்பதற்காக இரவு ஒன்பது மணிக்குக் குடித்த காப்பியின் பாதி, அதிகாலை இரண்டு மணிக்கும் நம் இரத்தத்தில் இருக்கும். படித்தது மனத்தில் பதிய உறக்கம் வேண்டும். உறக்கத்தை விற்றுப் படிப்பை வாங்க முடியுமா?

பெண் பிள்ளைகள் அறியவேண்டியது

இனி நான் சொல்லப்போவதே இக்கட்டுரையில் முக்கியமானது. 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு இரத்தசோகை உள்ளது. இரத்தத்தில் ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் கீழே குறைவதே இது. படியேறினால் மூச்சு வாங்குவதும், வகுப்பில் மனம் ஒன்றாமல் சோர்வதும், பிரார்த்தனைக் கூட்டத்தில் மயங்குவதும் இதனாலும் நேரலாம்.

கீரை, பயறு, தானியம் ஆகியவற்றிலுள்ள இரும்புச் சத்தை உடல் எளிதில் ஏற்பதில்லை. அவற்றோடு காப்பியோ தேநீரோ சேர்ந்தால், அவற்றிலுள்ள துவர்ப்புப் பொருள்கள் இரும்பைப் பற்றிக்கொண்டு, குடலில் சேரவிடாமல் வெளியேற்றிவிடுகின்றன. 1983-இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில், உணவோடு குடித்த ஒரு கோப்பைக் காப்பி இரும்பு உட்சேர்வதை 39 விழுக்காடு குறைத்தது. தேநீர் 64 விழுக்காடு குறைத்தது. உணவுக்கு ஒரு மணி நேரம் முன்பு குடித்த காப்பியால் குறைவு ஏற்படவில்லை. அம்மா அரும்பாடுபட்டுச் சமைத்த முருங்கைக்கீரையின் பயனை, கையலம்பியதும் குடிக்கும் காப்பி பறித்துக்கொள்கிறது. வாரந்தோறும் பள்ளியில் வழங்கும் இரும்புச் சத்து மாத்திரைக்கும் இதே கதிதான்.

ஆகவே உணவுக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரமாவது காப்பி, தேநீர் தவிர்க்குமாறு தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் அறிவுறுத்தியுள்ளது. மாறாக, எலுமிச்சம்பழச் சாறு, நெல்லிக்காய், கொய்யா ஆகியவை இரும்பு உடலில் சேர உதவுகின்றன. இவை நம் ஊர்ச் சந்தையில் மலிவாகவே கிடைப்பவை.

முடிவுரை

அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பர். காப்பிக்கு அளவோடு வேளையும் முக்கியம். தோழியரே, காலையில் காப்பியை மட்டும் நம்பிப் பள்ளிக்கு வராதீர்கள். கேழ்வரகுக் கூழோ, இட்லியோ, பழைய சோறோ, வயிறார உண்டு வாருங்கள். காப்பி வேண்டுமென்றால் பள்ளி விட்டு வீடு திரும்பியதும் ஒரு சிறு தம்ளர் போதும். தேர்வுக் காலத்தில் மாலைக்குப் பின் அதுவும் வேண்டாம். பெற்றோர்களே, உங்கள் மகள் அடிக்கடி சோர்ந்து போனால், இன்னொரு தம்ளர் காப்பி கலந்து தராமல், அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துச் சென்று இரத்தப் பரிசோதனை செய்யுங்கள். அவளுடைய களைப்பு என்ன சொல்கிறது என்பதைக் காது கொடுத்துக் கேளுங்கள்.