வ.வே.சு. ஐயரும் ஒரு பந்தியும்

புதுச்சேரியைச் சேர்ந்த எங்கள் ஊர் பிள்ளைச்சாவடியில் பஸ் ஏறினால் பொம்மையார்பாளையம், முதலியார்சாவடி, கோட்டக்குப்பம் எல்லாம் தமிழ்நாடு. முத்தியால்பேட்டை வந்தால் மறுபடி புதுச்சேரி. டவுனுக்குப் போய்ச் சேருவதற்குள் இரண்டு முறை எல்லை தாண்டுகிறோம், யாரும் கவனிப்பதில்லை. நூறு வருஷத்துக்கு முன்பு எங்கள் ஊரும் டவுனும் பிரெஞ்சுக்காரனிடம், நடுவில் கிடக்கும் நிலம் ஆங்கிலேயனிடம். வ.வே.சு. ஐயர் டவுனிலிருந்து எங்கள் ஊருக்கு ஒரு நடை வர நினைத்திருந்தால் கோட்டக்குப்பத்திலேயே விலங்கு மாட்டியிருப்பார்கள். பள்ளிக்கூடத்தில் நான் வேலை பார்த்த காலம் முழுக்க, பிள்ளைகளுக்கு அவரை இப்படித்தான் அறிமுகப்படுத்தினேன்.

1881இல் திருச்சி வரகனேரியில் பிறந்தவர். பாரிஸ்டர் படிக்க லண்டன் போய், புரட்சியாளர் சாவர்க்கரின் கூட்டத்தில் சேர்ந்தார். படிப்பை முடித்தும், அரச விசுவாசப் பிரமாணம் எடுக்க மறுத்ததால் பட்டம் கிடைக்கவில்லை. போலீஸ் நெருங்கவும், தாடி வளர்த்து வேஷம் மாற்றித் தப்பி, 1910இல் புதுச்சேரி வந்து சேர்ந்தார். பாரதியும் அரவிந்தரும் அப்போது இங்கேதான். 1911 ஜூன் 17 அன்று மணியாச்சி ரயில் நிலையத்தில் கலெக்டர் ஆஷைச் சுட்ட வாஞ்சிநாதனுக்குத் துப்பாக்கிப் பயிற்சி கொடுத்தவர் ஐயர்தான் என்று வரலாறு எழுதியவர்கள் பலரும் சொல்கிறார்கள். மனைவி பக்கத்தில் இருக்க ஒருவர் சுடப்பட்டதை, செத்தவர் வெள்ளைக்காரர் என்பதற்காக என்னால் லேசாகச் சொல்லிவிட்டுப் போக முடிந்ததில்லை.

ஐயரின் அதே கைதான் இங்கே உட்கார்ந்து திருக்குறளை ஆங்கிலத்தில் பெயர்த்தது. 'குளத்தங்கரை அரசமரம்' எழுதியது. வரதட்சணைக் கொடுமையில் மாண்ட ருக்மிணியின் கதையை ஒரு மரம் சொல்லும். வாசித்துக் காட்டும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கும்.

1920இல் ஆங்கிலேயர் எல்லைக்குள் வர இருந்த தடை நீங்கி, புதுச்சேரியை விட்டுப் போனார். காந்தி வழிக்கு வந்தார், சிறைக்கும் போனார். பிறகு சேரன்மாதேவியில் தமிழ்க் குருகுலம் தொடங்கினார். எல்லாச் சாதிப் பிள்ளைகளும் தங்கிப் படிக்கும் தேசியப் பள்ளி என்று காங்கிரஸ் 5,000 ரூபாய் கொடுத்தது. அங்கேதான், பிராமணச் சிறுவர் இருவருக்குத் தனியாகச் சோறு போட்டார்கள் என்ற செய்தி வெடித்தது. தாம் எல்லோருடனும் சமமாக உண்பதாகவும், அந்தப் பெற்றோருக்குக் கொடுத்த வாக்கை மீற முடியாது என்றும் ஐயர் சொன்னார். பொதுப்பணத்தில் நடக்கும் பள்ளியில் எதற்கு இரண்டு பந்தி என்று காங்கிரஸில் இருந்த வரதராஜுலு நாயுடுவும் பெரியாரும் கேட்டார்கள். 1925இன் கடைசியில் பெரியார் காங்கிரஸை விட்டே வெளியேறினார்.

என் அம்மா தலையில் கூடை வைத்து மீன் விற்றவள். வெயிலில் வீடுகளில் தண்ணீர் கேட்டால், கையைக் குவிக்கச் சொல்லி உயரத்திலிருந்து ஊற்றுவார்கள். சொம்பைக் கையில் தந்ததில்லை. மற்றபடி நல்லவர்கள்தான், பண்டிகைக்குப் பழைய சேலைகூடக் கொடுப்பார்கள். அதனால் இரண்டு பிள்ளைகள்தானே, இதற்கா இவ்வளவு ரகளை என்று எழுதுகிறவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது. மீதிப் பிள்ளைகள் அத்தனை பேரும் தினம் அதைப் பார்த்துக்கொண்டுதானே சாப்பிட்டார்கள்? உயிருக்குத் துணிந்த மனிதர், இரண்டு தகப்பன்மாரிடம் முடியாது என்று சொல்லியிருக்க வேண்டும். அவரை மதிப்பதால்தான் இந்த வருத்தம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

எதிர்ப்பு முற்றியதும் ஐயர் குருகுலப் பொறுப்பிலிருந்து விலகினார். 1925 ஜூன் 3 அன்று, பாபநாசம் மலையில் கல்யாண தீர்த்தத்தைத் தாண்டும்போது மகள் சுபத்திரை தண்ணீரில் விழுந்தாள். பின்னாலேயே குதித்தவர் பிழைக்கவில்லை. வயது 44.

இந்த இடம் வந்ததும் கடற்கரைப் பிள்ளைகள் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "அவருக்கு நீச்சல் தெரியாதா டீச்சர்?" ஒரு வருஷம் நான் வாயைத் திறக்குமுன் பின்பெஞ்சுப் பையன் ஒருவன் சொன்னான்: "சுழல்ல மாட்டுனா எங்கப்பாவாலயே ஒண்ணும் பண்ண முடியாதுடா."