செம்பு மண்ணில் பிழைத்த புல்

வட வேல்ஸ் மலைப்பகுதியில் ட்ரூஸ்-எ-கோய்ட் என்றொரு பள்ளத்தாக்கு. கைவிடப்பட்ட செம்புச் சுரங்கம் ஒன்று அங்கே உண்டு. அதன் கழிவு மண்ணில் பெரும்பாலான செடிகள் கருகிப் போகும். அக்ரோஸ்டிஸ் என்ற மெல்லிய புல் மட்டும் தழைத்து நிற்கும். சுரங்கத்தை ஒட்டிய மேய்ச்சல் நிலத்திலும் இதே இனப் புல்தான். பார்வைக்கு வித்தியாசம் தெரியாது. தூர்களைப் பிரித்துச் செம்பு கலந்த கரைசலில் நிறுத்தினால்தான் குட்டு வெளிப்படும்: சுரங்கப் புல்லின் வேர் நீண்டுகொண்டே போகிறது, மேய்ச்சல் புல்லின் வேர் கிளம்பிய இடத்திலேயே நின்றுவிடுகிறது. தாவரவியலாளர் பிராட்ஷாவும் அவருடைய மாணவர்களும் 1960களில் இப்படி வேர்களை அளந்துதான் இயற்கைத் தேர்வைக் கண்ணெதிரே காட்டினார்கள். நஞ்சில் கிடந்து பழகிவிட்ட புல்தானே என்று இதை ஒதுக்க முடியாது. நல்ல மண்ணில் வளர்த்தாலும் அந்தக் குணம் நீங்குவதில்லை. விதை வழியே அடுத்த தலைமுறைக்கும் போகிறது. செம்புதான் அதைப் புதிதாக உண்டாக்கியது என்றும் சொல்வதற்கில்லை. செம்பையே கண்டிராத மேய்ச்சல் நிலத்து விதைகளைக் கழிவு மண்ணில் தூவியபோது, ஆயிரத்தில் ஒன்றிரண்டு பிழைத்தன. வேறுபாடு முன்பே இருந்தது. மண் அதைச் சலித்தெடுத்தது, அவ்வளவுதான்.

வலுவான ஆட்சேபம் வேறொன்று. இந்தப் புல்லின் மகரந்தம் காற்றில் பறப்பது. பக்கத்துப் பக்கத்தில் இருப்பவை ஆண்டுதோறும் கலந்தால் வேறுபாடு கரைந்துபோகாதா? 1968இல் ஆய்வாளர் மெக்நீலி வெளியிட்ட ஆய்வு இதற்குப் பதில் சொல்கிறது. பள்ளத்தாக்கில் காற்று பெரும்பாலும் ஒரே திசையில் வீசும். காற்று வரும் பக்கத்தில், சில அடிகளுக்குள்ளேயே செம்பைத் தாங்கும் புல் முடிந்து தாங்காத புல் தொடங்கிவிடுகிறது. காற்று போகும் பக்கத்திலோ அந்தக் குணம் நூறு மீட்டருக்கும் அப்பால் வரை மெல்ல மெல்லத்தான் குறைகிறது. ஆக, கலப்பு உண்மைதான். ஆனால் அந்தப் பக்கத்து மேய்ச்சல் நிலத்தில் சேகரித்த விதைகளில் இருந்த தாங்குதிறன், அங்கேயே வளர்ந்து நிற்கும் புல்லில் அந்த அளவு இல்லை. காற்று கொண்டுவந்து சேர்த்ததை நிலம் கழித்துக்கட்டுகிறது. நல்ல மண்ணில், மற்ற புற்களோடு போட்டியிடும்போது தாங்கும் புல் பின்தங்கிவிடுவதே காரணம். அந்தக் குணம் எங்கும் பரவாமல் சுரங்கத்தோடு நிற்பதும் இதனால்தான்.

இன்னொன்றும் கவனிக்கத் தக்கது. சுரங்கத்துப் புல் மேய்ச்சல் புல்லைவிட ஏறத்தாழ ஒரு வாரம் முன்னதாகவே பூக்கிறது. கழிவு மண் சீக்கிரம் சூடேறுவதால் இருக்கலாம் என்றால், இரண்டையும் ஒரே தோட்டத்தில் வளர்த்தாலும் இடைவெளி முற்றிலும் மறைவதில்லை. தனி இனம் என்று பெயர் சூட்ட இது போதாது. மகரந்தம் இன்னும் எல்லை தாண்டிக்கொண்டுதான் இருக்கிறது. ஆனால் அந்தக் கலப்பைக் குறைக்கும் குணமும் தேர்வின் பிடிக்குள் வந்துவிட்டது என்றே நான் இதைக் கொள்வேன்.