மின்னணுக் கார்டுகளைக் கையாளும் முறை

கோடையில் பயிர் வாடும் நேரத்தில் பம்புசெட் நின்றுவிட்டால் ஏற்படும் கவலையை விவசாயிகள் நன்கு அறிவர். முன்பெல்லாம் ஸ்டார்ட்டர் பெட்டியில் காயிலும் பாயிண்டுகளுமே இருந்தன. இன்று செல்போனால் இயங்கும் ஆட்டோ ஸ்டார்ட்டர், சோலார் பம்பு, பாட்டரித் தெளிப்பான் ஆகியவற்றில் மின்னணுக் கார்டு உள்ளது. கிராமத்து இளைஞர்கள் பலர் இவற்றைத் தாங்களே பழுது பார்க்கின்றனர். இது வரவேற்கத்தக்கது. ஆனால், சிறு பழுதுக்காகக் கழற்றிய கார்டு, கையாளும் முறை தெரியாததால் அடியோடு கெட்டுவிடுவதும் உண்டு.

நிலைமின்சாரம்

பாலியஸ்டர் சட்டையைக் கழற்றும்போது படபடவென்று ஓசை கேட்பதைக் கவனித்திருப்பீர்கள். இரு பொருட்கள் உராய்ந்து பிரியும்போது உண்டாகும் நிலைமின்சாரமே இதற்குக் காரணம். இது நம் உடலிலும் தேங்கும். சுமார் 3,000 வோல்ட்டை எட்டினால்தான் விரலில் 'சுரீர்' என்று உணர்கிறோம். இதில் ஆற்றல் மிகக் குறைவாதலால் நமக்குத் தீங்கில்லை. ஆனால் கார்டிலுள்ள ஐ.சி.க்களிலும் மாஸ்பெட் டிரான்சிஸ்டர்களிலும் மிக மெல்லிய மின்காப்புப் படலம் உள்ளது. இவற்றுள் சில 100 வோல்ட்டிலேயே பழுதாகிவிடும். ஆகவே நாம் உணராமலேயே நம் விரல் அவற்றைக் கெடுத்துவிடலாம். சில சமயம் கார்டு உடனே கெடாமல், சில வாரங்கள் ஓடிய பின் நின்றுவிடும்.

காற்றில் ஈரம் உள்ளபோது நிலைமின்சாரம் விரைவில் கசிந்துவிடும். வறண்ட காற்று வீசும் நாட்களில் கூடுதல் கவனம் தேவை.

முதலில் உயிர்ப் பாதுகாப்பு

1. மெயினை நிறுத்தி, பியூஸ் கட்டைகளைக் கழற்றி, எல்லாப் பேஸ்களையும் டெஸ்டரால் சோதிக்கவும்.

2. சோலார் பம்பில் வெயில் உள்ளவரை தகடுகளிலிருந்து மின்சாரம் வந்துகொண்டேயிருக்கும். தகட்டு இணைப்பின் சுவிட்சை அவசியம் நிறுத்த வேண்டும். இதன் கட்டுப்பாட்டுப் பெட்டியைப் பயிற்சி பெற்றவரே திறப்பது நல்லது.

3. மின்சாரத்தை நிறுத்திய பின்னரும் கெபாசிட்டர்களில் மின்னேற்றம் தங்கியிருக்கும். பெட்டியில் குறிப்பிட்டுள்ள நேரம் காத்திருக்கவும். அதன் பிறகும் அவற்றின் முனைகளைத் தொடக்கூடாது.

கார்டைத் தொடுமுன்

எறும்பு, பல்லி புகுந்திருத்தல், தளர்ந்த வயர், போன பியூஸ் ஆகியவற்றை முதலில் பார்க்கவும். பல பழுதுகள் இத்துடன் தீர்ந்துவிடும். கார்டைக் கழற்ற வேண்டுமானால் கீழ்க்கண்டவற்றைக் கடைப்பிடிக்கவும்.

* பருத்தி ஆடை அணிந்து, மரமேசையில் வேலை செய்யவும். நைலான் பாய், தெர்மாகோல் ஆகியவற்றின் மேல் கார்டை வைக்கக்கூடாது.

* மின்சாரம் நின்றுவிட்டதை உறுதி செய்த பின், நன்கு எர்த் செய்த பெட்டியின் பெயிண்ட் இல்லாத இரும்புப் பகுதியைத் தொடவும். உடலில் தேங்கிய மின்னேற்றம் நீங்கிவிடும். எழுந்து நடந்து வந்தால் மீண்டும் தொடவும்.

* கார்டின் ஓரங்களை மட்டும் பிடிக்கவும். ஐ.சி.யின் கால்களில் விரல் படக்கூடாது.

* பற்றவைக்க எர்த் இணைப்புள்ள மூன்று முள் சால்டரிங் கருவியையே பயன்படுத்தவும்.

மணிக்கட்டுப் பட்டை

அடிக்கடி பழுது பார்ப்பவர்கள் மணிக்கட்டில் கட்டும் எர்த் பட்டையை வாங்கிக்கொள்ளலாம். இதில் 10 லட்சம் ஓம் மின்தடை உள்ளது. தவறுதலாக 230 வோல்ட்டைத் தொட நேர்ந்தாலும், பட்டை வழியாக 0.23 மில்லி ஆம்பியர் மட்டுமே பாயும். பட்டைக்குப் பதிலாக வெறும் செம்புக் கம்பியைக் கையில் கட்டி எர்த்துடன் இணைப்பது உயிருக்கே ஆபத்து, ஒருபோதும் செய்யாதீர்கள். மின்சாரம் ஓடும் பெட்டியில் வேலை செய்யும்போது பட்டையையும் அணியக்கூடாது.

கடைக்குக் கொண்டு செல்லும்போது

கார்டைச் சாதாரணப் பாலிதீன் பையில் போட்டுச் செல்வது பரவலாகக் காணப்படும் தவறு. பையின் உராய்வே நிலைமின்சாரத்தை உண்டாக்கும். புதிய கார்டு வந்த வெள்ளி நிறப் பையைப் பத்திரப்படுத்தி, அதிலேயே வைத்துக் கொண்டு செல்லவும். அது இல்லையெனில் சமையலறை அலுமினியத் தாளில் சுற்றலாம். ஆனால் கார்டில் சிறு பாட்டரி இருந்தால் தாள் பட்டு ஷார்ட் ஆகும். அப்போது இம்முறை கூடாது.

மேற்கூறிய முறைகளுக்குச் செலவு மிகக் குறைவு. இவற்றைக் கடைப்பிடித்தால் கார்டும் பிழைக்கும், தண்ணீரும் உரிய நேரத்தில் பயிருக்குப் போய்ச் சேரும்.